மாரி ஓடுநீரில் மண்ணோடு போகும் பற்றீரியா: சிறு குளமொன்றின் நீரேந்து பகுதிக்கு மாதிரியுரு கட்டும் முழு வழிகாட்டி

ஒரு மழையில் குளத்துக்குள் எவ்வளவு ஈ.கோலை (சாணமும் மலமும் கலந்திருப்பதைக் காட்டும் குடற் பற்றீரியா) வந்து சேருகிறது, அதில் எவ்வளவு மண்ணோடு ஒட்டி வருகிறது என்று கணக்கிட விரும்பும் மாணவர்களுக்கும் கள அலுவலர்களுக்கும் இது. எக்செல் தெரிந்தால் போதும். ஸ்வாட் போன்ற பெரிய மென்பொருளுக்குப் போகிறவர்களும் முதலில் இதைக் கையால் ஒருமுறை செய்து பார்ப்பது நல்லது. உள்ளே என்ன நடக்கிறது என்று அப்போதுதான் பிடிபடும்.

புதிதாக வருபவர்கள் அநேகமாக ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். ஆய்வுகூடம் தந்த பற்றீரியா எண்ணிக்கையை முதலில் கையில் எடுத்துக்கொண்டு, மாதிரியுரு (மொடல், அதாவது நடப்பதைக் கணக்காக எழுதிய வடிவம்) அதே எண்ணைத் தரும்வரை உள்ளே உள்ளவற்றை மாற்றிக்கொண்டே போகிறார்கள். அடியில் தண்ணீர்க் கணக்கு பிழையாக இருக்கும், மண் கணக்கும் பிழையாக இருக்கும், விடை மட்டும் பொருந்தியிருக்கும். அடுத்த மழைக்கே எல்லாம் கவிழ்ந்துவிடும். தண்ணீர் சரியாகும் முன் மண்ணைத் தொடாதீர்கள். மண் சரியாகும் முன் பற்றீரியாவைத் தொடாதீர்கள்.

1. கேள்வியையும் இடத்தையும் சிறிதாக்குங்கள்

ஒரு மழைக்கு மொத்தம் எவ்வளவு பற்றீரியா வருகிறது என்பது ஒரு கேள்வி. உச்சச் செறிவு எப்போது வருகிறது என்பது வேறு கேள்வி. மாட்டுப் பட்டியை இடம் மாற்றினால் எவ்வளவு குறையும் என்பது மூன்றாவது. முதலாவதற்கு மழைக்கொரு கணக்குப் போதும். இரண்டாவதற்கு ஐந்து, பத்து நிமிட இடைவெளியில் தரவு வேண்டும். எது உங்கள் கேள்வி என்று ஒரு வரியில் எழுதி மேசையில் ஒட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

இலங்கையின் வன்னியிலுள்ள இரணைமடு போன்ற பெருங்குளத்தில் தொடங்கவேண்டாம். கனகராயன் ஆறு அங்கே வந்து சேருமுன் வழியில் எத்தனையோ சிறு குளங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் கொஞ்சம் மண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கொஞ்சம் பற்றீரியாவை வெயிலில் சாகவிடும். பத்து முதல் ஐம்பது ஹெக்டேயர் நீரேந்து பகுதியும், தண்ணீர் வந்து விழும் ஒரே வாயும் உள்ள கிராமக் குளம்தான் முதல் வேலைக்கு ஏற்றது.

2. மாரிக்கு முன் கையில் இருக்கவேண்டியவை

மழைச் செறிவு காட்டும் மழைமானி. நாள் மொத்தம் மட்டும் போதாது. ஐப்பசியில் இடியோடு ஒரு மணித்தியாலத்தில் கொட்டும் 40 மில்லிமீற்றரும், கார்த்திகையில் நாள் முழுக்கத் தூறும் 40 மில்லிமீற்றரும் மண்ணுக்கு ஒன்றல்ல. முன்னையது சாணத்தையும் மண்ணையும் அடித்துக் கிளப்பும், பின்னையது பெரும்பாலும் ஊறிப் போய்விடும்.

கால்நடை எண்ணிக்கை. அரசாங்க கால்நடை வைத்திய அலுவலகத்தில் பிரிவு வாரியாகக் கிடைக்கும். ஆனால் உங்களுக்குத் தேவை அந்த நீரேந்து பகுதிக்குள் எந்த மாதம் எத்தனை மாடு நிற்கிறது என்பது. அதை மாட்டுக்காரரிடம்தான் கேட்கவேண்டும். வயல் விதைத்ததும் மாடுகள் காட்டோரப் பட்டிகளுக்குப் போகும். அறுவடை முடிந்ததும் தாளடிக்கு (அரிந்த வயலுக்கு) வரும். வெயில் காலத்தில் தண்ணீர் வற்ற வற்ற அலைகரைக்குள் (குளத்துத் தண்ணீர் ஏறி இறங்கும் கரைநிலம்) இறங்கி மேயும். அலுவலக எண் இந்த நகர்வைக் காட்டாது.

பாதுகாப்புப் பற்றி ஒன்று. முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார்ப் பக்கக் காட்டோரங்களில் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்துக்குள் மாதிரிக்காகக்கூட இறங்கவேண்டாம். இடத்தைத் தேர்ந்தவுடன் கிராம அலுவலரிடமும், அங்கே நாளாந்தம் மாடு சாய்ப்பவரிடமும் கேட்டு உறுதி செய்யுங்கள். யானை வரும் வழியையும் அவர்களிடமே கேட்டுவிடலாம்.

3. நீரேந்து எல்லையைக் காலால் நடந்து வரையுங்கள்

எல்லோரும் முதலில் எஸ்.ஆர்.ரி.எம். எனும், விண்ணிலிருந்து அளந்த உயரத் தரவை இறக்கி, கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் போட்டு எல்லை வரைவார்கள். வன்னியின் தரை பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்ற சரிவுதான். அந்தத் தரவின் உயரப் பிழையோ சில மீற்றர். அடர்ந்த காடு உள்ள இடத்தில் அது தரையை விட்டு மர உச்சிப் பக்கம் சாய்ந்தும் நிற்கும். அதனால் எல்லை ஒரு வீதிக்கு அப்பால்கூட நகர்ந்துவிடும்.

இதைவிடப் பெரிய பொறி ஒன்று உண்டு. தண்ணீர் தேங்கும் பள்ளங்களை நிரப்பும் படிமுறையை மென்பொருள் முதலில் ஓட்டச் சொல்லும். கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினால் உங்கள் சிறு குளங்களும் சேர்ந்து நிரம்பி மறைந்துவிடும். அந்தத் தரவின் 30 மீற்றர்ச் சதுரத்தில் குளக்கட்டும் தெரியாது, வயல் வரம்பும் தெரியாது.

ஆகவே வரைபடத்தை அச்சிட்டுக்கொண்டு ஒரு மழை நாளில் நடவுங்கள். தண்ணீர் வீதியைக் கடக்கும் மதகு, திசை திருப்பும் வரம்பு, வண்டித் தடம் வழியே ஓடும் ஓட்டம் எல்லாவற்றையும் குறியுங்கள். பிறகு கட்டையும் வாய்க்காலையும் உயரத் தரவுக்குள் கையால் புகுத்திவிட்டு எல்லையை மறுபடி வரையுங்கள்.

4. மாதிரி எடுப்பதையும் எண்ணுவதையும் ஒத்திகை பாருங்கள்

மழை தொடங்கியபின் யோசிக்க நேரம் இருக்காது. ஓட்டம் ஏறும்போது, உச்சத்தில், இறங்கும்போது என மூன்று கட்டத்திலும் மாதிரி வேண்டும். ஏறும்போது மட்டும் எடுத்தால் முதல் கழுவல் கணக்கை ஊதிவிடும். மழை விட்டபின் சாவகாசமாகப் போய் எடுத்தால் தெளிந்த தண்ணீர்தான் கிடைக்கும். ஒவ்வொரு போத்தலோடும் நேரமும் நீர்மட்டமும் எழுதப்படவேண்டும். அவை இல்லாத மாதிரி மாதிரியுருவுக்குப் பயன்படாது.

போத்தல்களை ஐஸ் போட்ட ரெஜிபோம் பெட்டியில், வெயில் படாமல், 10 பாகை செல்சியசுக்குக் கீழே வையுங்கள். உறையவும் விடாதீர்கள். ஆறு மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடம் போய்ச் சேரவேண்டும். மாரியில் வீதி மூடப்படலாம் என்பதால் மாற்று வழியையும் முன்கூட்டியே பார்த்து வையுங்கள்.

எண்ணிக்கையில் நடக்கும் பெரும் தவறு ஒன்றைக் கவனியுங்கள். ஒரு மண் துணிக்கையில் இருபது பற்றீரியா ஒட்டியிருந்தாலும் வளர்ப்புத் தட்டில் ஒரே ஒரு கூட்டமாகத்தான் (கொலனி) வளரும். கலங்கிய நீரை அப்படியே வடிகட்டி எண்ணினால், மண்ணோடு வந்தவை அத்தனையும் குறைத்து எண்ணப்படும். நீங்கள் தேடிவந்த விடயமே அதுதானே. மாதிரியை இரண்டாகப் பிரித்து, ஒன்றை டுவீன் 80 என்ற, சவர்க்காரம் போன்ற திரவம் சிறிதளவு சேர்த்து நன்றாகக் குலுக்கி, துணிக்கைகளைப் பிரித்தபின் எண்ணுங்கள். மற்றதை அப்படியே எண்ணுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே உங்களுக்கு ஒரு தரவு.

5. தண்ணீர்: எவ்வளவு ஓடியது?

கேர்வ் நம்பர் என்று சொல்லப்படும் வளைவெண் முறை தொடக்கத்துக்குப் போதும். நிலம் மழையை எவ்வளவு ஓடவிடும் என்பதைக் காட்டும் எண் அது; கூடினால் ஓட்டமும் கூடும். 25,400-ஐ வளைவெண்ணால் வகுத்து 254-ஐக் கழித்தால் நிலம் பிடித்து வைக்கக்கூடிய அளவு மில்லிமீற்றரில் வரும். மழையிலிருந்து அந்த அளவின் ஐந்தில் ஒரு பங்கைக் கழியுங்கள். வந்ததை வர்க்கித்து, மழையோடு பிடிப்பின் ஐந்தில் நான்கு பங்கைக் கூட்டிய தொகையால் வகுத்தால் ஓடுநீர். மழை அந்த ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாவிட்டால் ஓட்டமே இல்லை.

60 மில்லிமீற்றர் மழை, வளைவெண் 80 என்றால் பிடிப்பு 63.5, ஓட்டம் ஏறத்தாழ 20 மில்லிமீற்றர். வளைவெண்ணை 70 ஆக்கினால் ஓட்டம் 10 மில்லிமீற்றராக இறங்கிவிடும். எண்ணில் பத்து வித்தியாசம், தண்ணீரில் பாதி வித்தியாசம்! இந்தப் பிழையோடு அடுத்த படிக்குப் போனால் மண்ணும் பற்றீரியாவும் எப்படிச் சரியாக வரும்?

வன்னி மேட்டுநிலத்தின் செங்கபில மண் காய்ந்தால் இறுகிப்போகும், மழைத்துளி அடித்தால் மேலே தோல் கட்டும். ஆகவே முதல் மழைகளுக்கும், நிலம் ஊறிய மார்கழி மழைகளுக்கும் ஒரே வளைவெண் பொருந்தாது. பள்ளத்து வயல் மண் சீக்கிரம் நிறைந்து, வரும் மழையை எல்லாம் ஓடவிடும். மேட்டையும் பள்ளத்தையும் தனித்தனித் துண்டுகளாக வையுங்கள். வரம்பு கட்டிய வயலை ஒரு சிறு தொட்டியாகவே எண்ணுங்கள். வரம்பு நிரம்பும்வரை அங்கிருந்து எதுவும் வெளியே வராது.

அளந்த ஓட்டத்தோடு முதலில் மொத்த அளவு பொருந்தவேண்டும், பிறகு உச்சம். மண் சமன்பாட்டுக்கு இரண்டும் வேண்டும்.

6. மண்: எவ்வளவு அரித்து வந்தது?

ஆண்டுச் சராசரிக்கான மண்ணிழப்புச் சமன்பாட்டை ஒற்றை மழைக்குப் போடுவது அடிக்கடி நடக்கும் பிழை. வில்லியம்ஸ் 1975இல் தந்த, மியூஸ்லி எனப்படும் திருத்திய வடிவம்தான் ஒரு மழைக்கு உரியது. ஓடுநீரின் கனவளவை உச்ச ஓட்டத்தால் பெருக்கி, 0.56 அடுக்கு எடுத்து, 11.8-ஆல் பெருக்கவேண்டும். பிறகு மண்ணின் அரிபடுதன்மை, சரிவும் நீளமும், மூடல் (பயிரும் புல்லும் நிலத்தை மூடும் அளவு), பேணல் (மண் காக்கும் வேலைகள்) ஆகிய நான்கு காரணிகள்.

12 ஹெக்டேயரில் 20 மில்லிமீற்றர் ஓடினால் ஏறத்தாழ 2,400 கனமீற்றர். உச்சம் செக்கனுக்கு 0.5 கனமீற்றர், அரிபடுதன்மை 0.25, சரிவு நீளக் காரணி 0.28, மேய்ந்த பற்றைக்காட்டுக்கு மூடல் 0.2, பேணல் 1 என்று வைத்தால் விடை சுமார் 8.8 தொன். லீற்றருக்கு 3.6 கிராம் மண். ஒரு போத்தல் ஓடுநீரைக் காய்ச்சி வற்றவைத்து நிறுத்துப் பாருங்கள். பத்து மடங்கு விலகியிருந்தால் எங்கோ அலகு பிழைத்திருக்கிறது.

அநேகமாக அது அரிபடுதன்மையின் அலகுதான். 11.8 என்ற மாறிலி பழைய அமெரிக்க அலகில் உள்ள எண்ணை எதிர்பார்க்கிறது. சர்வதேச அலகில் வெளியான எண் அதன் 0.1317 மடங்கு. அதை மாற்றாமல் போட்டால் மண் ஏழரை மடங்கு குறைந்துவிடும். பிறகு அந்தக் குறையை நிரப்ப மூடல் காரணியை ஏற்றுவார்கள், தவறு அப்படியே ஒளிந்துகொள்ளும்.

மூடல் காரணியை மாரி நெற்போகமான காலபோகம் முழுக்க ஒரே எண்ணாக வைக்காதீர்கள். புழுதி விதைப்புக்கு உழுத நிலம் முதல் மழைக்கு வெறும் தூள் மண்ணாகக் கிடக்கும். ஆறு வாரத்தில் பயிர் மூடிவிடும். பட்டி அடைத்த இடமும் மாடு மிதித்த தடமும் எப்போதும் வெறுமைதான்.

7. சாணம்: நிலத்தில் எவ்வளவு இருப்பு?

ஒரு மாடு நாளுக்கு வெளியேற்றும் ஈ.கோலையை ஆயிரம் கோடி என்று வைத்து ஒரு கணக்குப் பார்க்கலாம். 40 மாடு பத்து நாள் நின்றால் நாலு இலட்சம் கோடி என்று பெருக்கிவிடுவார்கள். சாணம் விழுந்த நாளிலிருந்து பற்றீரியா செத்துக்கொண்டும் இருக்கிறது. நாளுக்கு 0.3 என்ற அழிவு வீதம் போட்டால் பத்தாம் நாள் இருப்பு சுமார் ஒரு இலட்சத்து இருபத்தேழாயிரம் கோடிதான், மூன்றில் ஒன்றுக்கும் கொஞ்சம் குறைவு.

அழிவு வீதத்தை 20 பாகை செல்சியசில் எழுதிய அட்டவணையிலிருந்து எடுத்தால் நம் வெப்பத்துக்குத் திருத்துங்கள். வழக்கமாகப் பாகைக்கு 1.07 மடங்கு. 30 பாகையில் அது ஏறத்தாழ இரட்டிப்பு. அதேவேளை, ஈரம் காயாத புதுச் சாணத்தில் முதல் சில நாள் ஈ.கோலை பெருகுவதும் உண்டு. முடிந்தால் நாலைந்து சாணக் கும்பங்களைக் குறியிட்டு வைத்து, நாள் இடைவெளியில் நீங்களே எண்ணுங்கள். வேறு தேசத்து எண்ணைவிட அது மேல்.

மழை இருப்பு முழுவதையும் கழுவாது. ஓடுநீர் கூடக் கூடக் கழுவல் கூடும், ஆனால் குறைந்துகொண்டே போகும் விகிதத்தில். இந்த மழைக்குப் பத்தில் ஒரு பங்கு கழுவப்பட்டது என்றால் பன்னீராயிரத்து எழுநூறு கோடி 2,400 கனமீற்றரில் கலக்கிறது. 100 மில்லிலீற்றருக்கு ஐயாயிரத்துச் சொச்சம். இந்தக் கணக்கை மாரிக்கு முன்பே போட்டுவிடுங்கள். தட்டில் 20 முதல் 80 கூட்டம் வந்தால்தான் எண்ணிக்கை நம்பத்தக்கது. ஐயாயிரம் என்றால் 1 மில்லிலீற்றர் வடித்தால் போதும் என்று தெரிந்துவிடும். 100 மில்லிலீற்றர் வடிக்கப் போனால் சேறு அடைத்துக்கொள்ளும்.

அலைகரையில் கிடக்கும் சாணத்தைத் தனியே வையுங்கள். குளம் நிரம்பும்போது தண்ணீர் ஏறி அதை நேரே மூடுகிறது. அதற்கு ஓட்டமும் இல்லை, மண்ணரிப்பும் இல்லை. மேட்டுச் சாணத்தோடு சேர்த்தால் கழுவல் விகிதம் தாறுமாறாகும். மலசலகூடக் குழிகளும் அப்படித்தான், நிலத்தடி நீர் ஏறும் மார்கழியில்தான் அவற்றின் பங்கு வரும்.

8. பிரிப்பு: ஒட்டியது எவ்வளவு, தனியே மிதப்பது எவ்வளவு?

என்னைக் கேட்டால் முழு வேலையின் உயிர்நாடி இதுதான். ஆனாலும் எல்லாப் பற்றீரியாவும் மண்ணோடு வருகிறது, அல்லது எல்லாமே தண்ணீரில் கரைந்தது போல வருகிறது என்று வைத்துவிட்டுக் கடந்து போகிறார்கள். இரண்டும் தவறு.

மண்ணுக்கும் தண்ணீருக்கும் இடையே பற்றீரியா பிரியும் விகிதமான பகிர்வுக் குணகத்தைக் கலங்கல் செறிவால் (லீற்றருக்கு எத்தனை கிராம் மண்) பெருக்குங்கள். வந்ததை, அதனோடு ஒன்றைக் கூட்டிய தொகையால் வகுத்தால் ஒட்டிய பங்கு. குணகம் கிராமுக்கு 0.2 லீற்றர் என்றால், லீற்றருக்கு 3.6 கிராம் மண் உள்ள ஓட்டத்தில் 42 சதவீதம் ஒட்டியிருக்கும். ஓட்டம் தணிந்து மண் 0.5 கிராமாகும்போது ஒட்டியது 9 சதவீதம்தான். ஒரே மழைக்குள்ளேயே விகிதம் இவ்வளவு மாறுகிறது. அதனால்தான் மண் கணக்கு முதலில் சரியாகவேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

ஏன் இது முக்கியம்? வெப்பமான தண்ணீரில், 30 பாகை அளவில், தனியே மிதக்கும் ஒரு மைக்ரோமீற்றர்ப் பற்றீரியா நாளுக்கு ஏறத்தாழ 4 மில்லிமீற்றர்தான் கீழிறங்கும். 2 மைக்ரோமீற்றர்க் களித்துணிக்கையோடு ஒட்டினால் நாளுக்கு 40 சென்ரிமீற்றர் அளவு. 20 மைக்ரோமீற்றர் வண்டலோடு ஒட்டினால் 39 மீற்றர், அதாவது சிறு குளத்தின் அடியை இரண்டு மணித்தியாலத்துக்குள் தொட்டுவிடும். ஒட்டியது குளத்து அடையலில் போய்ப் படுக்கும். ஒட்டாதது துருசு (குளத்து நீரைத் திறந்துவிடும் வாய்) வழியே வயலுக்கும் வான் (மேலதிக நீர் வழியும் இடம்) வழியே அடுத்த குளத்துக்கும் போகும்.

குணகத்தை அளக்க விலைகூடிய கருவி வேண்டியதில்லை. உயரமான அளவுருளையில் ஓடுநீரை நிரப்பி, நன்றாகக் கலக்கி, நிழலில் ஆடாமல் ஒரு மணித்தியாலம் வையுங்கள். மேல் 10 சென்ரிமீற்றரில் இருந்து 5 மைக்ரோமீற்றருக்கு மேற்பட்டவை இறங்கியிருக்கும், தனிப் பற்றீரியா அரை மில்லிமீற்றர்கூட இறங்கியிராது. கலக்கியவுடன் எடுத்ததற்கும், ஒரு மணித்தியாலத்தின்பின் மேலிருந்து எடுத்ததற்கும் உள்ள எண்ணிக்கை வித்தியாசத்தை முதல் எண்ணிக்கையால் வகுத்தால் ஒட்டியவற்றின் பங்கு. மேலே சொன்ன கணக்கைத் திருப்பிப் போட்டால் அதிலிருந்து குணகம் வரும். இரண்டு மாதிரியையும் 4ஆம் படியில் சொன்னபடி துணிக்கை பிரித்தே எண்ணவேண்டும். நுண்களியோடு ஒட்டியவை தனி என்ற பக்கத்துக்குப் போய்விடும். ஓட்டத்திலும் அவை தனியே மிதப்பவை போலத்தான் நடந்துகொள்கின்றன, ஆகவே கணக்குக்குப் பாதகம் இல்லை.

ஆற்று மணலில் அளந்த குணகத்தைச் செங்கபில மண்ணுக்குப் போடாதீர்கள். களி கூடினால் ஒட்டல் கூடும். மென்பொருள் தானாக நிரப்பித் தரும் எண்ணையும் இப்படிச் சோதிக்காமல் ஏற்கவேண்டாம்.

9. வழியில் படிவதும் மறுபடி கிளம்புவதும்

வாய்க்கால் வளைவிலும் புல்லடர்ந்த பள்ளத்திலும் முதலில் விழுவது பரும் மணல். போய்ச் சேருவது நுண்மண். பற்றீரியா கூடுதலாக ஒட்டியிருப்பதும் நுண்மண்ணில்தான். ஆகவே மண் பாதி குறைந்தால் பற்றீரியாவும் பாதி குறையும் என்று எழுதாதீர்கள். பரும், வண்டல், களி என மூன்று வகுப்பாகவாவது பிரித்துக் கணக்கிடுங்கள்.

படிந்தது செத்துவிடுவதில்லை. வாய்க்கால் அடையலின் நிழலிலும் ஈரத்திலும் ஈ.கோலை தண்ணீரில் இருப்பதைவிட நீண்ட நாள் தாங்கும். அடுத்த ஓட்டத்தின் ஏறுமுகத்தில் அது திரும்பக் கிளம்பும். இதை விட்டுவிட்டால் மாதிரியுரு தொடக்கத்தில் எப்போதும் குறைவாகவே காட்டும், நீங்கள் சாணக் கழுவலை வீணாக ஏற்றிக்கொண்டிருப்பீர்கள்.

பிரித்தறிய வன்னியில் ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. சிறுபோகத்துக்கு (கோடை நெற்போகம்) துருசு திறக்கும் நாளில் மழை இல்லையென்றால் நிலத்திலிருந்து எதுவும் கழுவி வராது. வாய்க்காலில் தண்ணீரின் முன்னலை வரும்போதே கீழ்ப்பக்கம் நின்று மாதிரி எடுங்கள், துருசடியிலும் ஒன்று எடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் வாய்க்கால் அடையல் தந்தது. எந்த நாள் திறப்பார்கள் என்று கமக்கார அமைப்பிடம் முன்பே கேட்டு வையுங்கள்.

10. பொருத்துதல், சோதித்தல்

ஓடுநீர் மொத்தம், உச்சம், கலங்கல், அப்புறம்தான் பற்றீரியா. ஒரு படி முடிந்தபின் அதன் எண்களைப் பூட்டிவிடுங்கள். பற்றீரியா பொருந்தவில்லை என்பதற்காகத் திரும்பிப்போய் வளைவெண்ணைத் தொடக்கூடாது. தொடவேண்டித்தான் வந்தால், அளந்த ஓட்டம் அதை ஏற்கிறதா என்று பார்த்துத்தான்.

பற்றீரியாவை மடக்கையில் ஒப்பிடுங்கள். நேர் எண்ணில் ஒப்பிட்டால் ஒரே ஒரு பெரிய மாதிரி முழுப் பொருத்தத்தையும் இழுத்துவிடும். மடக்கையில் அரை அலகுக்குள், அதாவது மூன்று மடங்குக்குள் வந்தால் இந்த வேலைக்கு அது நல்ல பொருத்தம். கண்டறியும் எல்லைக்குக் கீழான மாதிரிக்குப் பூச்சியம் போடாதீர்கள். பூச்சியத்துக்கு மடக்கை இல்லை. எல்லைக்குக் கீழ் என்றே குறித்து வைத்து, மாதிரியுருவும் அங்கே எல்லைக்குக் கீழ் காட்டுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஒரு மாரியின் மழைகளில் பொருத்தி, இன்னொரு மாரியில் சோதியுங்கள். 2018 டிசெம்பர் வெள்ளம் போன்ற ஒன்றை வைத்துப் பொருத்தவேண்டாம். கட்டு மேவி, வீதி மேவித் தண்ணீர் போகும்போது நீங்கள் நடந்து வரைந்த எல்லையே இல்லாமல் போய்விடுகிறது. சிறிதும் நடுத்தரமுமான மழைகள்தான் குளத்து நீரைப் பெரும்பாலான நாள்களில் தீர்மானிக்கின்றன.

கடைசியாக, யாராவது கேட்கப்போகும் கேள்வியை ஓட்டிப் பாருங்கள்: குளத்தோரம் புல்வரி வைத்தால் எவ்வளவு குறையும்? மேலே உள்ள எடுத்துக்காட்டில் புல்வரி 60 சதவீத மண்ணைப் பிடித்தாலும், ஒட்டியது 42 சதவீதம் என்பதால் பற்றீரியா குறைவது அதிகபட்சம் 25 சதவீதம். புல்லில் முதலில் சிக்குவது பரும் துணிக்கை என்பதால் உண்மையில் அதிலும் குறையும். பட்டியை நீரேந்து எல்லைக்கு வெளியே மாற்றினால் அந்தச் சாணத்தின் ஒட்டியதும் ஒட்டாததும் சேர்ந்தே நிற்கும். இரண்டு ஓட்டத்தின் விடைகளையும், ஒவ்வொன்றின் மேல் கீழ் எல்லைகளோடு, ஒரே தாளில் அச்சிட்டுக் கமக்கார அமைப்பின் கூட்டத்துக்குக் கொண்டுபோங்கள். மாட்டுக்காரரும் அங்கே இருக்கும் நாளாகப் பாருங்கள். பட்டிக்கு வேறு இடம் எது என்று சொல்லக்கூடியவர் அவர்தான்.